சிவன்மலை உத்தரவுப் பெட்டி: கனவும் சந்தையும்

திருப்பூர் மாவட்டத்தில், காங்கயத்துக்கு அருகே எழும் சிவன்மலையின் உச்சியில் அமைந்துள்ள சுப்பிரமணிய சுவாமி கோயில், 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பட்டாலியூர் என்ற பெயரால் திருப்புகழ் பாடிய தலம் என்பதாலும், தைப்பூசத் தேரோட்டத்துக்குக் கொங்கு நாடெங்கும் இருந்து மக்கள் திரளும் தலம் என்பதாலும் நெடுங்காலமாகப் புகழ் பெற்றது. ஆயினும் அண்மைக் காலத்தில் நாளிதழ்கள் இக்கோயிலை நாடிச் செல்வதற்குக் காரணம், அங்குள்ள ஒரு கண்ணாடிப் பெட்டி. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி எனப்படும் அதனுள் வைக்கப்படும் பொருள், வரவிருக்கும் நன்மையையோ தீமையையோ முன்கூட்டி உணர்த்துகிறது என்பது இப்பகுதி மக்களின் உறுதியான நம்பிக்கை.

பெட்டியில் எதை வைப்பது என்பதைக் கோயில் நிர்வாகம் முடிவு செய்வதில்லை. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் தோன்றி, இன்ன பொருளை வைத்துப் பூசை செய்க என்று பணிப்பதாகவும், கனவு கண்டவர் மலைக்கு வந்து அதைத் தெரிவிப்பதாகவும் மரபு அமைந்துள்ளது. சொன்னவுடன் ஏற்கப்படுவதும் இல்லை; வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டப்பட்டுச் சன்னிதியில் வைக்கப்பட்டு, எடுக்கும்போது வெள்ளைப் பூ வந்தால் மட்டுமே அது ஆண்டவன் உத்தரவு என உறுதியாகிறது. பூ கேட்டல் எனப்படும் இம்முறை கொங்கு நாட்டுக் குடும்பங்களில் பெண் பார்க்கவும், நிலம் வாங்கவும், கிணறு வெட்டவும் கையாளப்பட்டு வந்ததே. பெட்டிக்குள் சென்ற பொருள் அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்கும் என்பதும், அதற்குக் கால வரையறை எதுவும் இல்லை என்பதும் இவ்வழக்கத்தைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாத செய்திகள்.

வருவது உணரும் ஆற்றல் சிலருக்கு வாய்க்கும் என்ற எண்ணம் தமிழ் நிலத்தில் மிகப் பழையது. சங்க இலக்கியத்தில் நெல்லைக் கொண்டு குறி பார்க்கும் கட்டுவிச்சியும், வெறியாட்டில் முருகனின் ஆவேசம் ஏறப்பெற்ற வேலனும் வருகின்றனர். தற்செயலாகக் காதில் விழும் பிறர் பேச்சை நற்சொல்லாகக் கொள்ளும் விரிச்சி கேட்டலை முல்லைப்பாட்டு காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன், பாண்டிமாதேவி ஆகிய மூவரும் கேடு வருமுன் தீக்கனாக் காண்கின்றனர். இம்மரபுகளோடு ஒப்பிடும்போது சிவன்மலை வழக்கத்தின் தனித்தன்மை புலப்படும். கட்டுவிச்சிக்கும் வேலனுக்கும் குறி சொல்வது தொழில். சிவன்மலையிலோ கனவு யாருக்கும் வரலாம், அது சாதியையோ ஊரையோ கல்வியையோ பார்த்து வருவதில்லை. அதே வேளையில், ஒருவரது உறக்கத்தில் நிகழ்ந்த அந்தரங்க அனுபவம் பூவால் சோதிக்கப்பட்டு, பலர் காண வைக்கப்பட்டு, ஊர்ப் பொதுச் செய்தியாக மாறுகிறது. ஆவி, அருள்வாக்கு போன்ற தனிமனித அனுபவங்கள் பெரும்பாலும் சொன்னவரோடு நின்றுவிடும் நிலையில், அவற்றுக்கு ஒரு பொது மேடை அமைத்துக் கொடுத்த ஏற்பாடு என்ற வகையில் இப்பெட்டி அரியது.

மஞ்சள், அரிசி, தங்கம், மண், தண்ணீர், துப்பாக்கி, இரும்புச் சங்கிலி எனப் பல பொருள்கள் வெவ்வேறு காலங்களில் பெட்டியில் இடம்பெற்றதாகக் கூறப்படுகிறது. தண்ணீர் வைக்கப்பட்டிருந்தபோதுதான் 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது என்பது பக்தர்கள் மிகுதியாக எடுத்துச் சொல்லும் சான்று. எனினும் அன்றாடப் பேச்சில் இப்பெட்டி பேரிடரை விட விலையோடுதான் நெருக்கமாக இணைந்துள்ளது. மஞ்சள் வந்தால் மஞ்சள் விலை ஏறும், தங்கம் வந்தால் தங்கத்தின் விலை ஏறும் என்று பேசப்படுவது தற்செயல் அன்று. ஈரோட்டின் மஞ்சள் மண்டிகள், காங்கயத்தின் அரிசி ஆலைகள், வெள்ளகோவிலின் விசைத்தறிகள், திருப்பூரின் பனியன் கம்பெனிகள் ஆகிய அனைத்தும் தம் கையில் இல்லாத விலைகளை நம்பி வாழ்பவை. 2010இல் வரலாறு காணாத உயரத்தைத் தொட்ட மஞ்சள் விலை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சரிந்தது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு தொடர்பான உயர்நீதிமன்ற ஆணையால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. மாதத் தொடக்கத்தில் நூற்பாலைகள் அறிவிக்கும் நூல் விலை ஏறிக்கொண்டே போனதை எதிர்த்து 2022 மே 16, 17 ஆகிய நாள்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஒப்புக்கொண்ட விலைக்கே ஆர்டரை முடித்துக் கொடுக்க வேண்டிய ஒரு சிறு உற்பத்தியாளருக்கு, அடுத்த மாத நூல் விலை தெரியாமல் இருப்பதே பெரும் அச்சம். அந்த அச்சத்துக்கு ஒரு முகம் தருவதால்தான் பெட்டி இவ்வளவு கவனம் பெறுகிறது.

திருப்பூரில் பின்னலாடை எந்திரங்கள் ஓடத் தொடங்கிய 1920களில்தான், அண்டை ஊரான ஈரோட்டில் பிறந்த பெரியார் சுயமரியாதை இயக்கத்தையும் தொடங்கினார். எந்திரமும் பகுத்தறிவுப் பரப்புரையும் வந்தபின் இத்தகைய நம்பிக்கைகள் தாமே விலகும் என்ற எதிர்பார்ப்பு இப்பகுதியில் பொய்த்துப்போனது என்றே சொல்ல வேண்டும். தொழில் பெருகப் பெருக நிச்சயமின்மையும் பெருகியது. நம்பிக்கை வயலிலிருந்து சந்தைக்கு இடம்பெயர்ந்தது.

அமானுட அனுபவங்களை முறையாக ஆராய்வதற்காக 1882இல் லண்டனில் அமைக்கப்பட்ட உளவியல் ஆய்வுக் கழகம், 1884இல் ரிச்சர்டு ஹாட்ஜ்சனைச் சென்னை அடையாற்றுக்கு அனுப்பி, பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் நிகழ்த்தியதாகக் கூறப்பட்ட அற்புதங்களை விசாரிக்கச் செய்தது. அவை மோசடி என்று அவரது 1885ஆம் ஆண்டு அறிக்கை முடிவு கூறியது. அக்கழகம் முன்னறிவிப்புகளை எடைபோட வற்புறுத்திய அளவுகோல் ஒன்று இங்கும் பொருந்தும்: நிகழ்ச்சிக்கு முன்பே, நாள் குறித்து, மாற்ற முடியாதபடி பதிவாகியிருக்க வேண்டும். சிவன்மலைப் பெட்டி இவ்வளவுகோலின் பாதியை நேர்மையாக நிறைவேற்றுகிறது. பொருள் முன்கூட்டியே, எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்படுகிறது, பின்னர் மாற்றிச் சொல்ல வழியில்லை. மறுபாதியில்தான் சிக்கல். பொருள் எதைக் குறிக்கிறது என்பது முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. தண்ணீர் மழையாகவும் இருக்கலாம், வறட்சியாகவும் இருக்கலாம், கடல்கோளாகவும் இருக்கலாம். மாதக்கணக்கில் வைக்கப்பட்டிருக்கும் எப்பொருளுக்கும் அதற்குள் ஏதேனும் ஒரு விலை மாற்றமோ நிகழ்வோ பொருந்தாமல் போகாது. பொருந்தியவை நினைவில் நிலைக்கின்றன, பொருந்தாதவை பேச்சிலிருந்து மறைந்துவிடுகின்றன. ஆதலின் பெட்டி எதிர்காலத்தைக் காட்டுகிறது என்று கொள்வதற்குச் சான்று போதாது.

அதனால் இவ்வழக்கத்தின் மதிப்பு குறைந்துவிடாது. எந்த ஆண்டில் எந்தப் பொருள் மக்களின் கனவில் வந்தது என்பது, அந்த ஆண்டில் அவர்கள் எதற்கு அஞ்சினார்கள், எதை விரும்பினார்கள் என்பதற்கான ஆவணம். நூல் விலைப் பட்டியலும் ஏற்றுமதிக் கணக்கும் சொல்லாத ஒரு வரலாறு அதில் அடங்கியுள்ளது. பெட்டியில் இடம்பெற்ற ஒவ்வொரு பொருளையும், வைத்த நாளையும், எடுத்த நாளையும், கனவு கண்டவரின் பெயரை மறைத்து அவர் ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்து, ஒரு பட்டியலாகத் தொகுத்து வெளியிடக் கோயில் நிர்வாகமும் அறநிலையத் துறையும், இப்பகுதிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் முன்வர வேண்டும். பழைய உத்தரவுகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் வாழும் காலத்திலேயே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.