நோய்க்கால விடுப்பும் ஓய்வுக்காலத் தொகையும்

நடுவணரசுப் பணியாளர்க்குப் பொதுவாக 'நோய்விடுப்பு' என்னும் தனி இனம் இல்லை. 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகள் ஆண்டுக்கு 20 நாள் அளிக்கும் அரை ஊதிய விடுப்பே அவ்விடத்தை நிரப்புகிறது. மருத்துவச் சான்றின்பேரில் அதனை முழு ஊதியத்துடன் துய்த்தால் ஒரு நாளுக்கு இரு நாள் கழியும்.

ஓய்வின்போது பணமாக்கத்தக்க ஈட்டிய விடுப்பின் வரம்பு 1986இல் 240 நாளாகவும் 1997இல் 300 நாளாகவும் உயர்ந்தது. அரை ஊதிய விடுப்பின் கதை வேறு. அதற்குரிய தொகையிலிருந்து ஓய்வூதியம் கழிக்கப்பட்டது. ஓய்வூதியமே ஏறத்தாழ அரை ஊதியமாதலின் எஞ்சியது சிறிதே. ஆறாம் ஊதியக்குழுவுக்குப் பின், 2008ஆம் ஆண்டு ஆணை இக்கழிவை நீக்கியது. ஆயினும் இருவகைக்கும் சேர்த்தே 300 நாள் வரம்பு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஈட்டிய விடுப்பு 200 நாள் உடையவர் எஞ்சிய 100 நாளுக்கு அரை ஊதியமும் அதற்குரிய அகவிலைப்படியும் பெறுவர். முப்பதாண்டு நோயின்றி உழைத்து, 300 நாளையும் காத்தவரோ, கணக்கில் நிற்கும் 600 நாள் அரை ஊதிய விடுப்புக்கு ஒன்றும் பெறார்.