குழந்தை முதல் முதுமை வரை: மனித வளர்ச்சியை அளந்த வரலாறு

ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுக்கும் மாணவன் முதலில் செய்ய வேண்டிய வேலை கம்பியை அளப்பதன்று. அளவியின் இரு முனைகளையும் பொருந்த வைத்து, அது சுழியைக் காட்டுகிறதா என்று பார்ப்பதேயாகும். காட்டவில்லையெனில் கருவியில் சுழிப்பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் எத்தனை கம்பிகளை அளந்தாலும் எல்லா விடைகளும் தவறாகவே வரும்.

மனிதனை அளக்கும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு என்ன தெரியும்? ஐந்து வயதுச் சிறுவனால் எதை விளங்கிக்கொள்ள முடியும்? எழுபது வயதில் அறிவு மங்கிவிடுமா? இவ்வினாக்களுக்கு அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகிறார்கள். அவர்கள் கண்ட குறைகளுள் பல, அளக்கப்பட்டவரிடம் இருந்தவை அல்ல. அளந்த முறையில் இருந்தவை. அது எவ்வாறு தெரியவந்தது என்பதை இங்கே காண்போம்.

தந்தையர் எழுதிய நாட்குறிப்புகள்

குழந்தை வளர்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சி வீட்டுத் தொட்டிலருகே தொடங்கியது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் டீட்ரிக் டீடமான், தம் மகனைக் கவனித்து எழுதிய குறிப்புகளை 1787இல் வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டில் சார்லஸ் டார்வினும் இதே வேலையைச் செய்தார். அவருடைய மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பரில் பிறந்தான். தும்மல், விக்கல், கொட்டாவி முதற்கொண்டு ஒவ்வொன்றையும் டார்வின் குறித்து வைத்தார். நாலரை மாதத்தில் குழந்தை கண்ணாடியில் தெரிந்த உருவங்களைப் பார்த்துச் சிரித்தது. தந்தையின் குரல் பின்னாலிருந்து வரவே வியப்படைந்தது. அடுத்த இரண்டு மாதங்களுக்குள் அது வெறும் பிம்பம் என்பதைப் புரிந்துகொண்டது. சரியாக ஒரு வயதில் உணவுக்குத் தானாகவே ஒரு சொல்லைப் படைத்துக்கொண்டது. அச்சொல் ‘மம்’! நம் வீட்டுக் குழந்தைகளின் ‘மம்மு’வை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

டார்வின் இக்குறிப்புகளை 37 ஆண்டுகள் பெட்டியிலேயே வைத்திருந்து, 1877இல்தான் கட்டுரையாக வெளியிட்டார். 1882இல் யேனா நகர உடலியல் பேராசிரியர் வில்ஹெல்ம் பிரேயர், தம் மகனை நாள்தோறும் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கவனித்து எழுதிய பெரிய நூலை வெளியிட்டார். குழந்தையை நேரடியாகக் கண்டு எழுதியது இவர்களின் சிறப்பு. ஆனால் ஒரே ஒரு குழந்தை. பார்ப்பவரோ அதன் தந்தை! இதிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்குமான விதியை வகுப்பது எங்ஙனம்?

அமெரிக்க உளவியலார் ஸ்டான்லி ஹால் பலரை ஒருசேர ஆராய முற்பட்டார். பாஸ்டன் நகரில் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த குழந்தைகளிடம் வினாக்கள் கேட்கச் செய்து, முடிவுகளை 1883இல் வெளியிட்டார். தேன்கூடு போன்ற எளிய பொருள்கள்கூடப் பலருக்குத் தெரியவில்லை. நாட்டுப்புறக் குழந்தைகளுக்கோ அவை தெரிந்திருந்தன. வினாவிலேயே ஊரும் சூழலும் ஒளிந்திருக்கும் என்பதற்கு இது ஒரு முன்னறிவிப்பு. ஹால் 1904இல் குமரப் பருவத்தைப் பற்றி இரு பெருந்தொகுதிகள் எழுதினார். எழுபது வயதைக் கடந்தபின், 1922இல், முதுமையைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். ஆனால் வளர்ச்சி என்றால் குழந்தைப் பருவம்தான் என்ற எண்ணமே பல ஆண்டுகள் மேலோங்கி நின்றது. சிக்மண்ட் ஃபிராய்டு வகுத்த படிநிலைகளும் பூப்புப் பருவத்தோடு முடிந்துவிட்டன. அவரோ பெரும்பாலும் குழந்தைகளை நேரில் ஆராயாமல், பெரியவர்கள் தம் இளமையைப் பற்றிச் சொன்ன நினைவுகளிலிருந்தே அக்கோட்பாட்டைக் கட்டினார்.

தவறான விடைகளின் மதிப்பு

முதல் உலகப் போருக்குப்பின் பாரிசில் ஒரு சுவிஸ் இளைஞர், நுண்ணறிவுச் சோதனை வினாக்களைக் குழந்தைகளிடம் கேட்கும் வேலையில் இருந்தார். எத்தனை விடைகள் சரி என்று எண்ணுவதே அவருக்கு இட்ட பணி. அவருடைய மனமோ தவறான விடைகளின்மேல் சென்றது. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே விதமான தவறுகளைச் செய்வானேன்? அவ்விளைஞர்தான் ழான் பியாஜே. குழந்தைக்கு அறிவு குறைவு என்பதைவிட, அது வேறு விதமாகச் சிந்திக்கிறது என்பதே பொருத்தம் என்றார் அவர். இது ஒரு பெரிய திருப்பம்.

அவருடைய புகழ்பெற்ற சோதனையை நாம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். புளியங்கொட்டைகளை ஆறு ஆறாக இரண்டு வரிசைகளில் ஒன்றுக்கு நேராக ஒன்று வையுங்கள். இரண்டும் சமமா என்று ஐந்து வயதுக் குழந்தையைக் கேட்டால் சமம் என்னும். பிறகு அதன் கண்முன்பே ஒரு வரிசையை அகலமாகப் பரப்பிவிட்டு மீண்டும் கேளுங்கள். நீண்ட வரிசையில்தான் அதிகம் என்று பல குழந்தைகள் சொல்லும். ஏறத்தாழ ஏழு வயதில்தான் எண்ணிக்கை மாறாது என்ற அறிவு உறுதிப்படுகிறது என்று பியாஜே முடிவு செய்தார்.

எடின்பரோவில் ஜேம்ஸ் மக்காரிகலும் மார்கரெட் டொனால்ட்சனும் 1974இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஓர் ஐயத்தை எழுப்பியது. ஒரு பெரியவர் வரிசையை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, முன்பு கேட்ட வினாவையே மீண்டும் கேட்டால் குழந்தை என்ன நினைக்கும்? ‘முதலில் சொன்னது தவறு போலும், ஏதோ மாறிவிட்டது என்று சொல்லவேண்டும் போலும்’ என்று நினைக்கலாம் அல்லவா? ஆகவே அவர்கள் ஒரு பொம்மைக் கரடியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் ‘குறும்புக் கரடி’ பெட்டியிலிருந்து எட்டிக் குதித்து வரிசையைக் கலைத்தது. பெரியவர் கலைத்தபோது ஏறத்தாழ 16 விழுக்காட்டுக் குழந்தைகளே சரியான விடை கூறினார்கள். கரடி கலைத்தபோதோ 62 விழுக்காட்டினர் சரியாகக் கூறினார்கள்! கரடியின் குறும்பில் மயங்கிக் குழந்தைகள் மாற்றத்தையே கவனிக்காமல் போயிருக்கலாம் என்ற மறுப்பும் பின்னர் எழுந்தது. ஆயினும் கேட்கும் முறை விடையை மாற்றும் என்பது ஐயமின்றி நிலைபெற்றது.

பச்சிளங்குழந்தைகளைப் பற்றியும் இதே போன்ற திருத்தம் வந்தது. ஒரு பொருளைத் துணியால் மூடிவிட்டால், எட்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தை அதைத் தேடுவதில்லை. ஆகவே மறைந்த பொருள் அதற்கு இல்லாத பொருளே என்றார் பியாஜே. தேட வேண்டுமாயின் கைக்கும் திறன் வேண்டுமே! அறிவு இருந்தும் கை பழகாமல் இருக்கலாம். ரெனே பையார்ஜோனும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் கையை விட்டுக் கண்ணை அளந்தார்கள். மறைந்திருக்கும் பெட்டியை ஒரு பலகை ஊடுருவிச் செல்வது போன்ற காட்சியை அமைத்து, ஐந்து மாதக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். நடக்கக்கூடிய காட்சியைவிட நடக்க முடியாத அக்காட்சியையே குழந்தைகள் நெடுநேரம் உற்று நோக்கின. இதன் பொருளைப் பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டு. எனினும் பியாஜே குறித்த காலத்துக்கு முன்பே அவ்வறிவு அரும்புகிறது என்ற கருத்து வலுப்பெற்றது.

தாத்தாவும் பேரனும்

இனி வாழ்க்கையின் மறுமுனைக்கு வருவோம். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, படையில் சேர்ந்த 17 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்தப்பட்டது. அதே வினாத்தாளைப் பயன்படுத்தி ஜோன்ஸ், கொன்ராட் என்ற இருவர் நியூ இங்கிலாந்துக் கிராமங்களில் 10 முதல் 60 வயது வரையுள்ளவர்களைச் சோதித்து, 1933இல் முடிவுகளை வெளியிட்டனர். மதிப்பெண் இருபது வயதையொட்டி உச்சத்தை அடைந்து, பிறகு இறங்கிக்கொண்டே சென்றது. இளமையோடு அறிவின் வளர்ச்சி முடிந்து, தேய்வு தொடங்கிவிடுகிறது என்று பாடநூல்கள் எழுதலாயின.

இதில் பிழை எங்கே? ஒரு வீட்டில் தாத்தா, தந்தை, பேரன் மூவரின் உயரத்தையும் ஒரே நாளில் அளப்பதாகக் கொள்வோம். பேரன் உயரம், தாத்தா குட்டை. இதைக் கொண்டு, மனிதன் இருபது வயதிலிருந்து குறுகிக்கொண்டே வருகிறான் என்று முடிவு செய்யலாமா? முதுமையில் உயரம் சிறிது குறைவது உண்மைதான். ஆனால் தாத்தா தம் இளமையிலேயே பேரனளவு உயரமாக இருந்ததில்லை. நல்ல உணவு பேரனுக்கே கிடைத்தது. அவ்வாறே நியூ இங்கிலாந்தின் அறுபது வயதுக்காரர் 1870ஐ ஒட்டிப் பிறந்தவர். அவருடைய இளமையில் உயர்நிலைப் பள்ளிக் கல்வி மிகச் சிலருக்கே கிட்டியது. அவருடைய குறைந்த மதிப்பெண்ணில் முதுமையின் பங்கு எவ்வளவு, பள்ளியின் பங்கு எவ்வளவு?

இதை அறிய ஒரே வழி, அதே மனிதரைப் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அளப்பதாகும். 1919இல் அயோவாவில் கல்லூரியில் சேர்ந்தபோது சோதிக்கப்பட்டவர்களில் 127 பேரை வில்லியம் ஓவன்ஸ் தேடிப் பிடித்து, முப்பது ஆண்டுகள் கழித்து அதே தாளைக் கொடுத்தார். மதிப்பெண் குறையவில்லை, மொத்தத்தில் உயர்ந்திருந்தது!

1956இல் வார்னர் ஷாய் என்ற இளம் ஆய்வாளர், தம் டாக்டர் பட்டத்திற்காகச் சியாட்டில் நகரில் 22 முதல் 70 வயது வரையான 500 பேரைச் சோதித்தார். ஏழாண்டுகளுக்கு ஒருமுறை அவர்களையே மீண்டும் அழைத்தார். இம்முறையிலும் ஒரு பிழை உண்டு. உடல்நலமும் ஆர்வமும் மிக்கவர்களே திரும்பி வருவார்கள். முன்பு எழுதிய பழக்கமும் உதவும். ஆகவே ஒவ்வொரு முறையும் புதியவர்களையும் சேர்த்துச் சோதித்தார். இவ்வாறு பல பத்தாண்டுகள் நடந்த ஆய்வு தெளிவான ஒரு படத்தைத் தந்தது. விரைந்து கண்டுணரும் திறன் இளமையிலிருந்தே குறைகிறது. சொற்பொருள் அறிவு நடுவயதில் உச்சத்தை அடைகிறது. திறன்களில் பெரும்பாலானவை அறுபது வயதையொட்டி வரை பெரிதும் நிலைத்து நிற்கின்றன. எண்பதுகளில் குறைவு பொதுவாகிறது. அப்போதும் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதி. தலைமுறைதோறும் சோதனை மதிப்பெண் உயர்ந்து வருவதை ஜேம்ஸ் ஃபிளின் 1984இல் எடுத்துக்காட்டினார். 1932க்கும் 1978க்கும் இடையே அமெரிக்கர்களின் சராசரி ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்திருந்தது. அந்த உயர்வின் நிழலைத்தான் முன்னோர் முதியவர்களின் சரிவு என்று படித்திருந்தனர்.

எட்டுப் படிகளும் ஒன்பதாவது படியும்

வாழ்நாள் முழுவதையும் வளர்ச்சியாகக் கண்டவர்களுள் எரிக் எரிக்சன் முதன்மையானவர். 1950இல் வெளியான நூலில் அவர் தொட்டில் முதல் முதுமை வரை எட்டுப் படிநிலைகளை வகுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு போராட்டம் உண்டு. குழந்தைக்கு நம்பிக்கையா, ஐயமா என்பது. முதியவருக்கு நிறைவா, கசப்பா என்பது. 1962இல் மனித வாழ்க்கைச் சுழற்சி பற்றிய கருத்தரங்குக்காக அவர் அகமதாபாத்துக்கு வந்தார். 1918இல் அங்கு நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில், 48 வயதுக் காந்தியடிகளின் பங்கு அவரைக் கவர்ந்தது. அதன் பயனாக 1969இல் காந்தியடிகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. நடுவயதும் வளர்ச்சிக்குரிய பருவமே என்பதற்கு அந்நூல் ஒரு சான்று.

எட்டாம் படியை எழுதியபோது எரிக்சனுக்கும் 48 வயதுதான். எரிக்சன் 1994இல் மறைந்தார். அவருடைய ஆய்வுத்துணையும் மனைவியுமான ஜோன் எரிக்சன், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், அவருடைய நூல் ஒன்றின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒன்பதாம் படி ஒன்றைச் சேர்த்தார். உடல் தளர்ந்து, உற்றவரை இழந்து நிற்கும் முதுமை, நடுவயதில் இருந்து பார்த்தபோது தோன்றியதைப் போல் இல்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். கோட்பாட்டைக் கட்டியவர்களில் ஒருவரே அங்கே சென்று சேர்ந்து, தம் அளவியைத் தாமே திருத்திக்கொண்டார்.

எனவே குறையே இல்லை என்று பொருள்கொள்ள வேண்டா. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியாதவை உண்டு. எண்பது வயதில் தளரும் திறன்களும் உண்டு. ஆனால் ஒரு பிள்ளையை மந்தம் என்று வகுப்பின் கடைசி வரிசைக்கு அனுப்பும் முன்பும், வீட்டுப் பெரியவரிடம் இனி எதையும் கேட்க வேண்டியதில்லை என்று தீர்மானிக்கும் முன்பும், நாம் கேட்ட முறை சரியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கம்பி ஒன்றை அளக்கவே சுழிப்பிழையைப் பார்க்கிறோம். மனிதருக்கு அதைவிடக் குறைந்த கவனம் போதுமா?