யானை எஞ்சின் வந்த வழி
1964 பிப்ரவரி, டேட்டோனா 500 பந்தயம். முதல் மூன்று இடங்களையும் பிளைமவுத் கார்களே அள்ளிக்கொண்டன. முதலாவதாக வந்தவர் ரிச்சர்ட் பெட்டி. மூன்று கார்களின் பானெட்டுக்கு அடியிலும் இருந்தது கிரைஸ்லரின் புத்தம்புது 426 ஹெமி எஞ்சின்.

426 கியூபிக் இஞ்ச், அதாவது 7 லிட்டர். எட்டு சிலிண்டர்கள். எரியறையின் மேற்புறம் கவிழ்த்த அரைக்கோளம். அதில் இரண்டு பெரிய வால்வுகள் எதிரெதிராகச் சாய்ந்து நிற்கும். ஒருபுறம் நுழையும் காற்று மறுபுறம் தங்குதடையின்றி வெளியேறும். இதற்கு அகலமான, கனத்த ஹெட் வேண்டும். யானை என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

சாலைக் கார்களில் கிடைக்காத எஞ்சின் என்று 1965-இல் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு இதற்குக் கதவடைத்தது. கிரைஸ்லர் விலகிக்கொள்ள, பெட்டி அந்த ஆண்டு கால் மைல் நேர்கோட்டில் ஓடும் டிராக் ரேஸுக்குப் போனார். 1966-இல் இதே எஞ்சினைச் சற்றுச் சாதுவாக்கி, இரட்டை கார்புரேட்டரோடு பொதுமக்களுக்கே விற்றார்கள். அறிவித்த திறன் 425 குதிரைச்சக்தி. உண்மையில் அதற்கும் மேல் என்றே பலரும் நம்பினார்கள்.

ஆனால் குதிரைச்சக்தி மட்டும் கால் மைலை வென்று தராது. ஹெமி பூட்டிய 1968 டாட்ஜ் சார்ஜர் கார் 1,800 கிலோவுக்கு மேல். பாரமெல்லாம் முன்பக்கம், புறப்படும்போது பின்சக்கரங்கள் பிடிப்பில்லாமல் வெறுமனே சுழலும். கால் மைலுக்கு 13, 14 வினாடிகள் ஆயின. கிரைஸ்லரின் விலை குறைந்த 440 சிக்ஸ் பேக் எஞ்சின், 390 குதிரைச்சக்தியோடு, பின்னாளில் இதற்குக் கிட்டத்தட்ட ஈடுகொடுத்தது.

இந்த எஞ்சினுக்கேற்ற உடம்பு 1968-இல்தான் அமைந்தது. சின்ன டாட்ஜ் டார்ட்டை எடுத்து ஹர்ஸ்ட் நிறுவனத்தில் இழைத்தார்கள். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஃபைபர் கிளாஸ். ஜன்னல்களுக்கு மெல்லிய கண்ணாடி. அதை ஏற்றி இறக்கக் கைப்பிடி கிடையாது, ஒரு வார்தான். பின் சீட் இல்லை, ஹீட்டர் இல்லை, ரேடியோ இல்லை. முன் சீட்டுகள் ஏ-100 வேனிலிருந்து வந்தவை. பேட்டரியைப் பின்னால் டிக்கிக்கு மாற்றினார்கள்; அந்தக் கனமும் பின்சக்கரத்தை அழுத்தட்டும் என்று. அந்த ஒரு மாற்றத்தில் தெரியும் புத்திசாலித்தனம் எனக்கு எஞ்சினைவிடப் பெரிதாகப் படுகிறது. வாரண்டி கிடையாது, பொதுச் சாலைக்கான காரும் அல்ல. கால் மைலை 10 வினாடிச் சொச்சத்தில் முடித்தது.

புகைக் கட்டுப்பாடும் எகிறிய இன்சூரன்ஸும் சேர்ந்து 1971-ஆம் ஆண்டு மாடல்களோடு ஹெமியைச் சாலையிலிருந்து இறக்கின. டிராக் ரேஸ் பாதையிலிருந்து யாராலும் இறக்க முடியவில்லை. இன்று நைட்ரோமீத்தேன் குடித்து ஓடும் டாப் ஃபியூயல் டிராக் ரேஸ் கார்களின் எஞ்சின் முழு அலுமினியம், 500 கியூபிக் இஞ்ச். அடிப்படை அமைப்பு மட்டும் அதே 426 ஹெமிதான்.