கைகள் ஊதிய மூச்சு

மூச்சுவிட இயலாதோரைச் சுவாசிக்கச் செய்யும் யந்திரமான இரும்பு நுரையீரல், 1952-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இளம்பிள்ளை வாதம் கண்டோர் சில தினங்களில் ஐம்பது பேர் வரை வந்து சேர்ந்த கோபன்ஹேகன் பிளெக்டாம் வைத்தியசாலையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மார்பின்மேல் கவிழ்க்கும் சிறு யந்திரங்கள் ஆறு. முதல் மூன்று வாரங்களில், சுவாசம் தடைப்பட்ட 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

நோயாளிகளின் இரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்ததைக் கண்ட வைத்தியர்கள், அது காரம் மிகுந்ததன் அடையாளமென்று கொண்டார்கள். பிரதம வைத்தியர் லாசன், மயக்க மருந்து நிபுணரை அழைப்பதில் அத்தனை உற்சாகம் காட்டாதவராயினும், உதவியாளர் பியோர்னெபோவின் யோசனைக்கு இசைந்தார். அவ்வாறு வந்த பியோர்ன் இப்சன், பிரேதப் பரிசோதனைகளையும் கண்ணுற்றபின், அதே எண்ணுக்கு நேர் எதிரான பொருளுரைத்தார்: சுவாசம் போதாமையால் வெளியேறாத கரியமிலவாயுவே அது. யார் சொன்னது சரி என்று அந்தக் கணத்தில் நிச்சயிக்க வழியில்லை, காத்திருக்கவோ அவகாசமில்லை.

ஆகஸ்ட் 27-ஆம் தேதி, மரணத்தின் வாயிலிலிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயைத் துளைத்துக் குழலைச் செருகி, ரப்பர்ப் பையை அழுத்திக் காற்றைச் செலுத்த முயன்றார்கள். காற்று புகவில்லை, குழந்தை நினைவிழந்து திணறினாள். சுற்றி நின்றோர் நம்பிக்கையிழந்த அந்நிலையில் இப்சன் செய்த காரியம், வெளியே நின்று பார்ப்போருக்குக் கொலை என்றே தோன்றக்கூடியது: பென்டோதால் மருந்தை ஏற்றி, அவளுக்கு எஞ்சியிருந்த சொற்ப மூச்சையும் நிறுத்தினார். திணறல் ஓய்ந்தது, பை இணங்கியது, மார்பு உயர்ந்தது. பின்னர் பையை விடுத்து யந்திரத்தை மாட்டிப் பார்த்தபோது கரியமிலவாயு ஏறியது. மீண்டும் பையை அழுத்தவே இறங்கியது. சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் பையை அழுத்தக் கைகள் வேண்டுமே! சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், குழந்தைகளின் முகத்தையும் மார்பையும் பார்த்தே அளவறிந்து அழுத்தினார்கள். மரண விகிதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இந்த அநுபவத்திலிருந்து பிறந்தவை.

வரலாறு இப்சனைப் புகழ்கிறது, நியாயந்தான். ஆயினும், தம் துறையைச் சாராத ஒருவர் சொல்லுக்காகத் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு, வைத்தியசாலை முழுவதையும் சில தினங்களுக்குள் புதிய முறைக்குத் திருப்பிய லாசனுக்கு அதில் பாதிப் பங்கு உண்டென்பேன்.