சுப்பி ஆன சுப்பிரமணியன்

உங்களில் சிலர் பழைய கணினிப் பிரிவுகளில் துளை அட்டைகளோடு மாரடித்திருப்பீர்கள். ஓர் அட்டையில் 80 பத்தி. நாங்கள் எழுதியது ஃபோர்ட்ரான். ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் ஆட்கள் 1957-இல் வெளியிட்ட மொழி அது.

அதில் ஃபார்மட் என்றொரு வாக்கியம் உண்டு. எந்த எண் எத்தனை இடத்தில் வர வேண்டும், புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று அதில் சொல்ல வேண்டும். தலைப்பு அச்சாக வேண்டுமானால் அதன் எழுத்துகளை நாமே எண்ணி, எண்ணிக்கையைப் போட்டு, பக்கத்தில் எச் என்ற எழுத்தைப் போட வேண்டும். எச் என்றால் ஹாலரித், துளை அட்டைக்காரர். ஒன்று குறைத்து எண்ணினால் போச்சு, நிரல் ஓடாது. பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவோம். இடைவெளியும் கணக்கில் சேரும், அதுதான் எப்போதும் காலை வாரும். மேற்கோள் குறிக்குள் எழுதினால் போதும் என்பது 1977 தரத்தில்தான் முறையாக வந்தது.

பிறகு பெல் ஆய்வகத்தில் சி மொழி பிறந்தது. அதன் பிரிண்ட்எஃப் கட்டளையும் இதே வேலையைத்தான் செய்தது: சதவீதக் குறி, அகலம், எஸ் என்ற எழுத்து. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆகவே எழுத்தை எண்ணினாலும் பைட்டை எண்ணினாலும் விடை ஒன்றே. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் இன்றும் தட்டச்சு செய்வது விம் என்ற எடிட்டரில். பிராம் மூலனார் என்ற டச்சுக்காரர் அமிகா கணினிக்காக எழுதி 1991-இல் வெளியிட்டது. பயன்படுத்துவோர் உகாண்டா குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்ட மனிதர். 2023-இல் காலமானார். விம்முக்குள் ஒரு குட்டி நிரல்மொழி உண்டு. 2006-இல் வந்த ஏழாம் பதிப்பில் அதற்கும் பிரிண்ட்எஃப் கிடைத்தது.

எங்கள் ஓய்வூதியர் கூட்டத்துக்குச் சந்தாப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எந்தப் பெயரும் 20 எழுத்தைத் தாண்டாது என்று கணக்கிட்டு, அகலம் 20, உச்சவரம்பும் 20 என்று கொடுத்தேன். பழைய ஃபோர்ட்ரான் கை அல்லவா, சரிபார்க்காமலே 40 பிரதி அச்சிட்டுவிட்டேன்.

கூட்டத்தில் என் பழைய மேலதிகாரி பட்டியலை நீட்டி, "என்ன சார், இத்தனை வருஷம் கழிச்சு என்னைச் சுப்பின்னு கூப்பிடறீங்க?" என்றார். சுப்பிரமணியன், 'சுப்பி'யோடு நின்று, பக்கத்தில் ஏதோ புரியாத குறி. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் முகம் கறுத்துவிட்டது.

அன்றிரவு உட்கார்ந்து எண்ணினேன். நம் கண்ணுக்கு அது எட்டு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி என்பதால் 13 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக 39. கட்டளை எண்ணியது பைட்டை. ஆறு குறியீட்டுக்கு 18 பைட், அதுதான் 'சுப்பி'. மிச்சம் இரண்டு பைட்டில் 'ர' முக்கால்வாசி நுழைந்து மாட்டிக்கொண்டது. இந்த யூடிஎஃப்-8 முறையை கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் ஓர் உணவகத்து மேசைத்தாளில் வரைந்தார்களாம். அவர்கள்மேல் குறை இல்லை. பழைய ஆங்கிலக் கோப்புகள் ஒரு பைட்கூட மாறாமல் ஓடுவதற்குத்தான் அப்படி அமைத்தார்கள்.

விம் கையேட்டைப் புரட்டினால் தீர்வு அங்கேயே இருக்கிறது. சிறிய எஸ் பைட்டை எண்ணும், பெரிய எஸ் போட்டால் திரையில் பிடிக்கும் இடத்தை எண்ணும். ஒரே ஓர் எழுத்துதான் மாற்றினேன். பெயர்கள் முழுசாக வந்தன. ஆனாலும் 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலமா என்ன? தொகைப் பத்தி இன்னமும் லேசாகக் கோணலாகத்தான் நிற்கிறது. அதற்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

புதுப் பட்டியலைச் சுப்பிரமணியன் சார் வீட்டுக்கே கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எட்டு.