30 பறவையிலிருந்து மீண்ட நேனே... பழைய எலும்பு சொன்ன 'அம்மா வழி' ரகசியம்!

பிள்ளைக்கு அப்பா சாயலா, அம்மா சாயலானு வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து நடக்கும். ஆனா, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ விஷயத்தில் அந்தப் பஞ்சாயத்துக்கே இடமில்லை. அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். மனிதர்களுக்கும் அப்படித்தான், வாத்துகளுக்கும் அப்படித்தான். இதை வெச்சு ஒரு வாத்து இனத்தின் பழைய வரலாற்றையே தோண்டி எடுத்திருக்காங்க!

யார் இந்த நேனே?

ஹவாய் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் வாத்து, நேனே. ஹவாயின் மாநிலப் பறவையும் இதுதான். வேட்டை, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கீரி, பூனை எனப் பல ஆபத்துகளால், 1950-களின் தொடக்கத்தில் சுமார் 30 பறவைகளே மிஞ்சின.

இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் பீட்டர் ஸ்காட் இவற்றை வளர்க்கத் தொடங்கினார். 1950-ல் ஜோடி என நினைத்து இரண்டு பறவைகளை வரவழைத்தால்... இரண்டுமே முட்டையிட்டன! அப்புறம்தான் ஆண் பறவை வந்து சேர்ந்தது. அங்கே பெருகிய நேனேக்கள் 1962-ல் மாவுய் தீவில் விடப்பட்டன.

ஏன் மைட்டோகாண்ட்ரியா?

செல்லின் உட்கருவில் ஒரு டி.என்.ஏ-வுக்கு இரண்டு பிரதிகள்தான் இருக்கும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ-வுக்கோ நூற்றுக்கணக்கில் இருக்கும். அதனால் மட்கிப்போன பழைய எலும்பிலும் கொஞ்சமாவது கிடைத்துவிடும். அதில் வேகமாக மாறும் பகுதியை ஒப்பிட்டால், ஒரு கூட்டத்தில் எத்தனை 'அம்மா வழிகள்' இருந்தன எனத் தெரிந்துவிடும்.

எலும்பு என்ன சொன்னது?

இன்றைய நேனேக்களிடம் வேறுபாடு ரொம்பக் குறைவு. '30 பறவைதானே மிஞ்சியது, அதான் காரணம்'னு தோணும். ஆனா, 2002-ல் வெளியான ஆய்வு வேற கதை சொன்னது. 19-ம் நூற்றாண்டு அருங்காட்சியக மாதிரிகளிலும் அதே வறட்சி! அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழைய எலும்புகளில்தான் நிறைய வேறுபாடு இருந்தது. ஆக, இழப்பு நடந்தது சுமார் 900 முதல் 350 ஆண்டுகளுக்கு முன். ஹவாயில் மனிதர்கள் வேகமாகப் பெருகிய காலம் அது. துப்பாக்கியும் கீரியும் வருவதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

2019-ல் அமெரிக்கா நேனேயை 'அழியும் நிலை' பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கியது. அப்போது எண்ணிக்கை சுமார் 2,800. சந்தோஷமான செய்திதான். ஆனா, தலைக்கணக்கு கூடினாலும் தொலைந்துபோன அம்மா வழிகள் திரும்பி வராது. வேறுபாடு குறைந்த கூட்டத்தை ஒரு புதிய நோய் மொத்தமாகச் சாய்க்கும் ஆபத்தும் அதிகம்.

ஒண்ணு கவனிக்கணும். மைட்டோகாண்ட்ரியா சொல்வது அம்மா பக்கக் கதை மட்டுமே. முழுப் படத்துக்கு உட்கரு டி.என்.ஏ-வையும் பார்க்கணும். ஆனாலும், ஓர் உயிரினத்தைக் காப்பாற்றணும்னா, அது முப்பதாகக் குறையும்வரை காத்திருக்கக் கூடாதுங்கிறதை அந்தப் பழைய எலும்புகளே சொல்லிட்டுப் போயிருக்கு.