நிலைப்பொருள் நிலைகுலைந்த நாள்

வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நிற்பது என்ற பொருளில்தான் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லை ஆஷர் ஓப்லர் 1967இல் 'டேட்டாமேஷன்' இதழில் எழுதிய கட்டுரையில் முன்வைத்தார். அவர் குறித்தது, செயலியின் கட்டளைத் தொகுதியை வரையறுக்கும் நுண்நிரலை. அதைத் தேவைக்கேற்ப மாற்றி ஏற்றிக்கொள்ளலாம் என்பதே அவர் அதில் கண்ட சிறப்பு. ஆக, பிறந்தபோது அச்சொல்லில் 'மாறாதது' என்ற பொருள் இல்லை. 'ரோம்' எனப்படும், படிக்க மட்டுமேயான நினைவகச் சில்லுகளில் பதிந்த நிரல்களுக்கு அப்பெயர் வழங்கலானபோதுதான் நிலைப்பு என்னும் சாயல் அதன்மேல் ஏறியது. தமிழில் நாம் 'நிலைப்பொருள்' என்று ஆக்கிக்கொண்டது இந்தப் பிற்காலப் பொருளைத்தான். சொற்பொருள் மாற்றத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு என்று இதை வகுப்பறையோடு விட்டுவிடலாம். ஆனால் இச்சொல்லின் வரலாற்றில் 1999 ஏப்ரல் 26 என்றொரு நாள் இருக்கிறது.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் தாய்ப்பலகையில் பயாஸ் ரோம் சில்லில்தான் இருந்தது. மின்சாரம் பாய்ந்ததும் முதலில் ஓடி, உறுப்புகளைச் சோதித்து, இயங்குதளத்தை எழுப்பும் நிரல் அது. அதை மாற்ற வேண்டுமானால் சில்லையே கழற்ற வேண்டும். ஈப்ரோம் வகைச் சில்லுகளில் சிறு சாளரத்தின் வழியே புற ஊதா ஒளி பாய்ச்சி அழிக்க வேண்டும். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் அறிமுகப்படுத்திய ஃபிளாஷ் நினைவகத்துக்கு இந்தச் சிரமம் இல்லை. 1990களில் பயாஸ் அதற்குக் குடிபெயர்ந்தது. புதிய செயலியோ பெரிய வன்தட்டோ வந்தால், இருந்த இடத்திலிருந்தே ஒரு நிரலை ஓட்டிப் பயாஸைப் புதுப்பிக்கலாம். எழுதவிடாமல் தடுக்கும் ஜம்பர் சில பலகைகளில் மட்டுமே இருந்தது. பூட்டிய கதவைத் திறந்துவைத்துவிட்டு, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றாமல் விட்டதுபோல் ஆயிற்று.

அந்தக் கதவைக் கண்டவர் தைவானின் தாதுங் கல்லூரி மாணவர் சென் இங்-ஹாவ். 1998இல் அவர் எழுதிய வைரஸ் அவர் பெயரின் முதலெழுத்துகளால் சிஐஹெச் எனப்பட்டது. அளவு ஏறத்தாழ ஒரு கிலோபைட். நிரல்கோப்புகளில் வெறுமையாக இருக்கும் இடுக்குகளில் புகுந்துகொள்வதால் கோப்பின் அளவு கூடாது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் சாதாரண நிரல் ஒன்று செயலியின் உச்ச அதிகார நிலைக்குத் தாவ முடிந்தது. அங்கிருந்து வன்தட்டின் முதல் ஒரு மெகாபைட்டை அழித்துவிட்டு, ஃபிளாஷ் சில்லிலும் குப்பையை எழுதியது. இந்த இரண்டாவது அடி இன்டெல் 430டிஎக்ஸ் போன்ற சிப்செட் கொண்ட பலகைகளில்தான் பலித்தது. பலித்த இடத்தில் திரையில் ஒரு பிழைச்செய்திகூட வராது, ஏனெனில் அதைக் காட்ட வேண்டிய நிரலே இல்லை. செர்னோபில் விபத்தும் 1986இல் இதே ஏப்ரல் 26இல் நிகழ்ந்ததால் அந்தப் பெயரும் வைரஸுக்கு ஒட்டிக்கொண்டது.

தென் கொரியாவுக்கு அடி பலமாக விழுந்தது. இந்தியாவும் தப்பவில்லை. பழுதுபார்ப்பவர்கள் கையாண்ட வழி துணிச்சலானது: அதே வகைப் பலகை ஒன்றை இயக்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சில்லைப் பிடுங்கி, செத்த சில்லை அங்கே செருகி, மறுபடி எழுதுவார்கள். சில்லு பற்றவைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் பலகையையே மாற்றும்படி ஆயிற்று. அந்தச் செலவு கணினி வாங்கியவர் தலையில் விழுந்தது. பழி முழுவதும் மாணவர்மேல் விழுந்தது. அவர் குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் எழுதுவது யார் என்று கேளாமலே சில்லை எழுதவிட்டவர்களை அன்றைய பேச்சில் எவரும் பெரிதாகத் தேடவில்லை. யமஹா தன் சிடி டிரைவுகளுக்காக வெளியிட்ட நிலைப்பொருள் புதுப்பிப்பு ஒன்றிலேயே இந்த வைரஸ் தொற்றியிருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

எழுதுவது யார் என்ற கேள்விக்கு விடை மெல்லவே வந்தது. பயாஸ் புதுப்பிப்புகள் எண்மக் கையொப்பத்தால் சரிபார்க்கப்பட வேண்டும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வழிகாட்டுதல் வெளியிட்டது 2011இல், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. 2023 டிசம்பரில் பைனர்லி ஆய்வாளர்கள் 'லோகோஃபெயில்' என்ற பெயரில் அடுத்த ஓட்டையைக் காட்டினார்கள். கணினி எழும்போது தோன்றும் நிறுவனச் சின்னத்தைப் படிக்கும் நிரல்பகுதிகளில் பிழைகள் இருந்தன. சின்னத்தை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளட்டும் என்று சில தயாரிப்பாளர்கள் அந்தப் படத்தைக் கையொப்பச் சரிபார்ப்புக்கு வெளியே விட்டிருந்தார்கள். எனவே பழுதாக்கிய ஒரு படமே உள்ளே நுழையப் போதுமாயிற்று. படத்தை மாற்ற இடமே தராத கணினிகள் இதில் சிக்கவில்லை.